மெட்டு ரெண்டு வரியோடு நின்றுவிடுகிறது, என்ன செய்வது?

மார்ச் 9, மாலை 6.15 (கேள்வி)

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறேன். பாட்டு கிளாஸ் எதற்கும் போனதில்லை. வண்டி ஓட்டும்போது, குளிக்கும்போது மெட்டு வருகிறது. போனில் பாடி வைத்துக்கொள்கிறேன். ஆனால் ரெண்டு வரிக்கு மேல் போகமாட்டேன் என்கிறது. மூன்றாவது வரி பாடினால் வேறு பாட்டு மாதிரி இருக்கிறது. ராகம், நொட்டேஷன் எல்லாம் முறையாகப் படித்தால்தான் மெட்டுப் போட முடியும் என்கிறான் என் நண்பன். உண்மையா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

மார்ச் 9, இரவு 10.40

ராகம் தெரியாமலே மெட்டுப் போடலாம் தம்பி. தாலாட்டுப் பாடிய ஆயாவுக்கும் ஒப்பாரி வைத்த அத்தைக்கும் யார் நொட்டேஷன் சொல்லிக்கொடுத்தார்கள்? படிப்புக்கு நான் எதிரியில்லை. படித்தால் மூன்று நாள் தடவித் தடவிப் பிடிப்பதை மூன்று நிமிஷத்தில் பிடிக்கலாம். உங்கள் நண்பர் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு.

நான் சேலம் அம்மாபேட்டைக்காரன். வீட்டில் விசைத்தறி. அப்பா பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பார். பக்கத்தில் உட்கார்ந்து துருத்தி தள்ளியதுதான் என் குருகுலம். இருபது வருஷமாகக் கோவில் பண்டிகைகளில் கீபோர்டு வாசிக்கிறேன். வித்வான் கிடையாது, அதை மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் போனில் இருப்பதுதான் என் பழைய போனிலும் இருந்தது. நூற்று நாற்பது பதிவு, ஒன்றுகூட இருபது விநாடி தாண்டாது. எல்லாம் ஆரம்பம், எதற்கும் தொடர்ச்சி இல்லை. ஒவ்வொரு வரிக்கும் புதுசாக ஏதாவது கொண்டுவர வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் தறியில் ஓடிக்கொண்டிருந்த சேலையைப் பார்த்துத்தான் உறைத்தது. உடல் முழுக்க ஒரே புட்டா, அதாவது ஒரே சின்ன டிசைன், திரும்பத் திரும்ப வருகிறது. முந்தானைக்கு வந்தால்தான் டிசைன் மாறுகிறது. புட்டாவுக்குப் புட்டா வேறு வேறாகப் போட்டால் அதைச் சேலை என்று யாரும் வாங்க மாட்டார்கள், சாம்பிள் துண்டு என்பார்கள். என் மெட்டுகள் எல்லாம் சாம்பிள் துண்டு.

அதனால் மூன்றாவது வரி தேடாதீர்கள். முதல் வரியையே திரும்பப் பாடுங்கள், வால் பகுதியை மட்டும் மாற்றி. முதல் தடவை அந்தரத்தில் தொங்கவிட்டு நிறுத்துங்கள். ரெண்டாவது தடவை வீட்டுக்கு வந்து சேருங்கள். வீடு என்றால் ச, பாட்டுக்கு ஆதாரமான சுரம். கேள்வி ஒன்று, பதில் ஒன்று. உங்களிடம் இருக்கிற ரெண்டு வரி இப்போதே நாலு வரி ஆகிவிட்டது, பாருங்கள்.

மார்ச் 10, காலை 7.05

முக்கியமானதை விட்டுவிட்டேன். சுருதி. போனில் தம்புரா ஆப் இலவசமாகக் கிடைக்கிறது, அதை ஓடவிட்டுப் பாடுங்கள். ச எது என்று காதில் நிற்காமல் 'வீட்டுக்கு வாருங்கள்' என்று நான் சொன்னால் எந்த வீட்டுக்கு வருவீர்கள்? சும்மா பாடி வைத்த பதிவுகளில் முதல் வரிக்கும் ரெண்டாவது வரிக்கும் சுருதி அரைக் கட்டை இறங்கியிருக்கும். என்னுடையதில் அப்படித்தான் இருந்தது.

சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். ஒரு கட்டை என்றால் கீபோர்டில் சி, ரெண்டு, மூன்று என்று வெள்ளைக் கட்டைகள் போகும், அரை வருவதெல்லாம் கறுப்பு. ஆண்குரலுக்கு ஒரு கட்டையிலோ ஒன்றரைக் கட்டையிலோ ஆரம்பித்துப் பார்க்கலாம். பெண்குரலுக்கு ஐந்து, ஐந்தரை. அதுதான் சட்டம் என்றில்லை, தொண்டை எதைச் சொல்கிறதோ அது.

மார்ச் 10, இரவு 11.20

ராகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ராகத்துக்கே வருகிறேன், மன்னிக்கவும். ராகம் படிக்காமல் ஒரு ராகத்துக்குள் நிற்க ஒரு குறுக்குவழி உண்டு. கீபோர்டோ ஆர்மோனியமோ இருந்தால் கறுப்புக் கட்டைகளை மட்டும் தொடுங்கள். வெள்ளைப் பக்கமே போகாதீர்கள். ஒரு ஸ்தாயிக்கு, அதாவது ஒரு ச-விலிருந்து அடுத்த ச வரைக்கும், ஐந்து கறுப்புதான். எதற்கு அடுத்து எதை அழுத்தினாலும் காதைக் கிழிக்காது. ஒன்றரைக் கட்டையை ச என்று வைத்துக்கொண்டு ஐந்தையும் வரிசையாக வாசித்தால் மோகனம். பச்சைக் குழந்தையை உட்கார வைத்தாலும் மோகனம் வாசிக்கும்.

மார்ச் 11, காலை 6.30

தப்பு. மேலே எழுதியது தப்பு. ராத்திரி தூக்கக் கலக்கத்தில் எழுதினேன், விடியற்காலை ஆர்மோனியத்தில் கை வைத்ததும் தெரிந்தது. (அதற்குள் ரெண்டு பேர் தனிச்செய்தியில் காதைத் திருகிவிட்டார்கள். நன்றி.)

ஒன்றரையை ச என்று வைத்தால் வருவது சுத்த சாவேரி. ச ரி ம ப த. அதில் க கிடையாது, க இல்லாமல் மோகனம் ஏது? மோகனம் வேண்டுமானால் நாலரைக் கட்டையை ச என்று வைக்க வேண்டும். அங்கிருந்து ஐந்து கறுப்பும் ச ரி க ப த என்று விழும்.

தப்பு செய்ததில் ஒரு லாபம். ஐந்து கறுப்பில் எதை வீடாக வைக்கிறோமோ அதற்குத் தகுந்தாற்போல ராகம் மாறுகிறது. நாலரையில் மோகனம். ஐந்தரையில் மத்தியமாவதி. ஆறரையில் இந்தோளம். ஒன்றரையில் சுத்த சாவேரி. ரெண்டரையில் சுத்த தன்யாசி. கட்டை அதே ஐந்து, விரல் அதே விரல். வீடு மட்டும் மாறுகிறது, ஆனால் மோகனம் சிரிக்கிறது, இந்தோளம் ராத்திரி மொட்டைமாடியில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. இதற்குக் கிரகபேதம் என்று பெயர். இளங்கோவடிகள் காலத்திலேயே இப்படிப் பண்ணுக்குள் பண் பெயர்த்திருக்கிறார்கள். அன்றைக்கு ச ரி க ம ப த நி இல்லை. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம்.

முந்தாநாள் தம்புரா பற்றி எழுதியதும் இதற்காகத்தான் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். ச காதில் ஓடாவிட்டால் இந்த ஐந்தும் ஒன்றுபோலவே கேட்கும்.

மார்ச் 11, காலை 6.40

முந்தாநாள் இல்லை, நேற்று. இன்னும் காபி குடிக்கவில்லை.

மார்ச் 14, இரவு 9.50

லயம் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். என் லயம் தறியிலிருந்து வந்தது என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வேன். தொட்டிலில் படுத்திருந்தபோதே சடக் சடக் என்று நாடா ஓடும் சத்தம்தான் காதில். போன வருஷம் போனில் மெட்ரனோம் வைத்துப் பார்த்தேன். எங்கள் தறி நிமிஷத்துக்கு 118 அடிக்கும் 124 அடிக்கும் நடுவில் ஓடுகிறது. பிறகு என் மெட்டுகளை அளந்தேன். நம்ப மாட்டீர்கள். பாதிக்கு மேல் 120, மீதி அதில் சரிபாதி 60. சோகப் பாட்டு என்று நினைத்துப் போட்டதுகூடத் தறி வேகத்தில் பாதி. தாலாட்டும் அம்மன் பாட்டும் ஒரே மில்லில் நெய்தது.

ஆகவே மெட்டு வந்தவுடன் அதை ரொம்ப மெதுவாக ஒருதரம், ரொம்ப வேகமாக ஒருதரம் பாடிப் பாருங்கள். உங்களுக்கு வரும் வேகம் உங்கள் வண்டியின் வேகமாக இருக்கலாம், நடையின் வேகமாக இருக்கலாம். பாட்டின் வேகம் வேறாக இருக்கலாம்.

பக்கத்துப் பக்கத்துத் தறி ரெண்டு ஓடும்போது இன்னொரு வேடிக்கை. ரெண்டும் துளி வேக வித்தியாசத்தில் ஓடும். முதலில் சேர்ந்து அடிக்கும், மெல்லப் பிரியும், ஒன்றின் இடுக்கில் மற்றது விழும், பிறகு மறுபடி வந்து சேரும். சின்ன வயதில் அது சேரும் நொடிக்காகக் காத்துக்கொண்டு படுத்திருப்பேன். தவில்காரர் எங்கெங்கோ போய்விட்டுத் தாளத்தின் முதல் அடியில் வந்து விழும்போது கூட்டம் 'ஆஹா' என்கிறதே, அந்த ஆஹாவும் இதுவும் ஒரே ஆஹா.

ஆனால் தறியில் எல்லா அடியும் சமம். எது முதல் அடி என்று கிடையாது. தாளத்துக்கு முதல் அடி வேண்டும். நான் தாளம் கற்றது தறியிடம் இல்லை, உருமியிடம் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

மார்ச் 15, பகல் 1.10

தறி ஓட்டும் ஒருவர் எழுதியிருக்கிறார்: 'அண்ணா, எல்லா அடியும் சமம்னு எப்படிச் சொல்றீங்க? இடப்பக்கம் அடிக்கிற அடிக்கும் வலப்பக்கம் அடிக்கிற அடிக்கும் சத்தம் வேற. கண்ணை மூடிக் கேளுங்க.'

மத்தியானம் போய்க் கண்ணை மூடிக் கேட்டேன். வேறதான். வலது கொஞ்சம் கனம். நாற்பத்தாறு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறேன்.

மார்ச் 16, இரவு 10.05

கேள்வி கேட்டவர் பதிவு அனுப்பியிருந்தார். அனுமதி கேட்டுத்தான் இங்கே எழுதுகிறேன். அவருடைய ரெண்டு வரி:

மிளகு கொடியில
வெயிலு விழுகுது

எஸ்டேட்டில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருப்பார்கள். பறிப்பு நேரத்தில் காலை வெயில் இலையிடுக்கில் இறங்குவதைப் பார்த்துத் தானாக வந்ததாம். அருமையான ரெண்டு வரி. நான் போட்டிருந்தால் 'பச்சைமலை' என்று ஆரம்பித்திருப்பேன்.

இனி என் தப்புக்கு வருகிறேன். பாட்டைக் கேட்காமலே 9ஆம் தேதி வைத்தியம் சொல்லிவிட்டேன். நாடி பிடிக்காமல் மருந்து கொடுத்த கதை. அவர் சிக்கல் வேறு. கையால் தட்டிக்கொண்டே கேட்டேன். மி-ள-கு, மூன்று. கொ-டி-யி-ல, நாலு. வெ-யி-லு, மூன்று. வி-ழு-கு-து, நாலு. தகிட தகதிமி. மனுஷர் தனக்கே தெரியாமல் ஏழில் பாடிக்கொண்டிருக்கிறார்! மிஸ்ர சாபு தாளம். மூன்றாவது வரி 'பனியெல்லாம் விலகிப் போகுது' என்று வருகிறது. அதை எட்டுக்கு இழுத்துவிட்டார். காது ஏழை எதிர்பார்த்து நிற்கும்போது எட்டு வந்தால் வேறு பாட்டு மாதிரித்தானே இருக்கும்?

நான் மாற்றியது ஒன்றே ஒன்று. 'பனியும் விலகுது.' ப-னி-யும் வி-ல-கு-து. மூன்றும் நாலும். ஒட்டிக்கொண்டது.

எனவே யாராவது மெட்டு நிற்கிறது என்று வந்தால் முதலில் எண்ணச் சொல்லுங்கள். விரல் விட்டு எண்ணினால் போதும். முதல் வரி எத்தனை, ரெண்டாவது எத்தனை. நூற்றில் எத்தனை பேருக்கு இதுதான் சிக்கல் என்று தெரியாது, எனக்கு வந்து காட்டிய நாலைந்து பேரில் மூன்று பேருக்கு இதுதான்.

புட்டா கதை பொய் என்று சொல்லவில்லை. அது ரெண்டாவது வைத்தியம்.

மார்ச் 23, இரவு 11.00

இன்றைக்கு ஏற்காடு போய்வந்தேன். பஸ்ஸில்தான். அஸ்தம்பட்டி தாண்டி ஏற்காடு ரோட்டில் பழைய சினிமா ஸ்டூடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவைக் கடக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. ஸ்டூடியோ போய்விட்டது, வளைவு நிற்கிறது. பக்கத்து சீட்டுக்காரர் கோவில் எங்கே என்று திரும்பிப் பார்த்தார்.

இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டு ஒரு விநாடி காத்திருப்பார், எதிரே பதில் ஹாரன் வருகிறதா என்று. வராது. வண்டி திரும்பும். பத்தாவது வளைவுக்கு மேல் ஜன்னல் வழியே வாசனை. காபிப் பூ. போன வாரம் ஒரு மழை பெய்திருக்கிறது. மழை விழுந்து பத்து நாளுக்குள் செடி மொத்தமும் வெள்ளையாகப் பூத்துவிடும், மல்லிகை மாதிரி மணக்கும். அதில் வந்தது இது. ஆரம்பிக்கிறவர்களுக்குப் பிரித்துக் காட்ட வசதியாக இருக்கிறது என்பதால் போடுகிறேன், பெரிய மெட்டு என்று இல்லை.

முதலில் வார்த்தை இல்லை, தத்தகாரம்தான் வந்தது:

தானன தானன
தானன தனதன

கறுப்புக் கட்டையில், நாலரையை ச என்று வைத்து, ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. கமா போட்ட இடத்தில் முந்தின சுரத்தை இன்னொரு எண்ணிக்கை நீட்டவும்.

க , ப த | ப , | க ரி
க , ப த | ப க | ரி ச

ரெண்டு வரிக்கும் முதல் ஐந்து எண்ணிக்கை அச்சு அசல் ஒன்றே. முதல் வரி ரி-யில் நிற்கிறது, படியில் ஒரு கால் தூக்கின மாதிரி. ரெண்டாவது வரி ச-வில் இறங்கிவிடுகிறது. இதற்கு மேல் இதில் ஒன்றுமே இல்லை. வார்த்தை:

ஏறிட ஏறிட
வாசனை வருகுது

'ஏ' நெடில், அங்கே சுரமும் ரெண்டு எண்ணிக்கை. 'றி', 'ட' குறில், சுரமும் ஒவ்வொன்று. தமிழில் மெட்டுப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். குறிலை இழுத்தால் வார்த்தையே மாறிவிடும். கல் கால் ஆகும். பல் பால் ஆகும். நான் பட்டிருக்கிறேன். முதன்முதலில் ஒரு கோவிலுக்குப் போட்ட பாட்டில் 'மலை ஏறி வந்தோமே' என்று வரி. மெட்டில் ம-வுக்கு ரெண்டு எண்ணிக்கை. மைக்கில் போனபோது 'மாலை ஏறி வந்தோமே'. பூசாரி இறங்கி வந்து, 'சாயங்காலம் வந்தீங்களா, மாலையோட வந்தீங்களா?' என்று கேட்டார். இன்றைக்கும் என்னைப் பார்த்தால் அதையே கேட்கிறார்.

வார்த்தை முதலா மெட்டு முதலா என்ற சண்டையை இங்கே ஆரம்பிக்காதீர்கள். தத்தகாரம் முதல் என்று வைத்துக்கொண்டால் ரெண்டு கட்சிக்கும் பொதுவாகப் போகும். அருணகிரிநாதரே தத்தன தனதன என்று சந்தம் பிடித்துக்கொண்டுதானே போகிறார்.

மார்ச் 24, காலை 8.15

ஆரம்பித்துவிட்டீர்கள்.

ஏப்ரல் 2, இரவு 9.30

'ஏறிட ஏறிட' அம்மாவிடம் பாடிக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். 'இது உங்கப்பா மார்கழியில வாசிப்பாரே அந்த பஜனைப் பாட்டுல்ல?' என்றார். நான் இல்லை என்றேன். அம்மா பாடிக் காட்டினார். முதல் அரை வரி அதேதான்.

ரெண்டு நாள் சோர்ந்துபோய்விட்டேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து சுரம், எட்டு எண்ணிக்கை, பக்கத்துப் பக்கத்து சுரமாகத்தான் நடப்பேன் என்றால் எவ்வளவு தூரம்தான் தனியாக நடக்க முடியும்? செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் தெரிந்த முகம் எதிரே வராமல் நடக்க முடியுமா?

நான் செய்தது: க , ப த என்று ஏறின இடத்தை க , த ப என்று திருப்பிப் போட்டேன். ஒரு தாவல் வந்தது. பஜனை வாடை பாதி போனது. பழைய மெட்டு மாதிரி இருக்கிறது என்றால் முழுசையும் தூக்கிப் போடாதீர்கள். எந்த ரெண்டு சுரம் காட்டிக்கொடுக்கிறது என்று பிடித்து அதை மட்டும் மாற்றிப் பாருங்கள். போன மாதம் மேலே எழுதியதை மாற்றவில்லை, பழையது அப்படியே இருக்கட்டும்.

வீட்டில் வயசானவர் ஒருவரிடம் பாடிக் காட்டாமல் எதையும் வெளியில் விடாதீர்கள்.

ஏப்ரல் 5, காலை 10.20

'திரும்பப் பாடு திரும்பப் பாடு என்று சொல்லி எங்களைக் கெடுத்துவிட்டீர்கள்' என்று ஒரு புகார். அவர் அனுப்பிய பதிவில் ஒரே வரி பதினாறு தடவை வருகிறது. வால்கூட மாறவில்லை. கேட்டு முடிக்கும்போது எனக்கு லேசாக ஜுரம்.

சரி, திருத்திக்கொள்கிறேன். ரெண்டு தடவை திரும்பினால் சுகம். மூன்றாவது தடவை ஆரம்பிக்கும்போது கேட்கிறவருக்கு அடுத்தது தெரிந்துவிடுகிறது. அந்த இடத்தில்தான் ஏமாற்ற வேண்டும். மூன்றாவது தடவை பாதி வரை அதே மாதிரி போய், அவர் தலையாட்ட ஆரம்பித்ததும் வேறு பக்கம் திருப்புங்கள். 'பதினாறு' அனுப்பியவரிடம் மூன்றாவது வரியின் பின்பாதியில் மேல் ச-வைத் தொடச் சொன்னேன். இப்போது கேட்கிற மாதிரி இருக்கிறது.

மூச்சையும் அவர் மறந்துவிட்டார். பதினாறு வரியிலும் ஒரு நிறுத்தம் இல்லை. பாடுகிறவன் மூச்சு விட வேண்டும், கேட்கிறவனும் விட வேண்டும். வரி முடிந்து ரெண்டு எண்ணிக்கை சும்மா இருங்கள். சும்மா இருப்பதும் எழுதப்பட வேண்டியதுதான்.

ஏப்ரல் 20, மாலை 5.00

சரணம். முந்தானைக்கு வந்துவிட்டோம்.

நம் ஊர் வழக்கத்தில் பல்லவி நடு ஸ்தாயியில் நின்றுகொண்டு பேசும். அனுபல்லவி மேல் ச பக்கம் ஏறும். சரணம் நிதானமாக நடந்துவிட்டுக் கடைசியில் ஏறி, பல்லவிக்குள் இறங்கி வரும். சினிமாப் பாட்டில் பெரும்பாலும் அனுபல்லவியை விட்டுவிட்டு சரணத்திலேயே அந்த ஏற்றத்தை வைத்துவிடுகிறார்கள். 'ஏறிட'வுக்கு நான் போட்டது:

ப , த த | மேல் ச , | த ப
ப , த ப | க ப | க ரி

ரெண்டாவது வரியை ச-வில் முடிக்காமல் ரி-யில் விட்டதற்குக் காரணம், அங்கிருந்து பல்லவியின் க-வுக்கு ஒரு படிதான். ச-வில் முடித்திருந்தால் பாட்டே முடிந்துவிட்டது என்று எழுந்து போய்விடுவார்கள். திரும்பும் வழியை முதலில் பார்த்து வைத்துக்கொண்டு சரணத்தை ஏற்றினால் பிழைத்தீர்கள்.

எவ்வளவு ஏற்றலாம்? இதில் எனக்கு ஒரு சூடு உண்டு. ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்கு, பெயர் வேண்டாம், வரவேற்புப் பாட்டு போட்டுக்கொடுத்தேன். என் வீட்டில் என் குரலில் ஒரு கட்டையில் போட்டது. கீழே மந்தர பஞ்சமம், மேலே தார பஞ்சமம். ரெண்டு ஸ்தாயி! பிரமாதம் என்று நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். ஒத்திகையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேர். பல்லவியின் கீழ்ப்பகுதியில் வாய் மட்டும் அசைகிறது, சத்தம் இல்லை. ஐந்து கட்டைக்கு ஏற்றினேன். இப்போது சரணத்தில் முப்பது கோழி. விழா மறுநாள். ராத்திரியோடு ராத்திரியாகக் கீழ் ப-வையும் மேல் ப-வையும் அறுத்துப் போட்டேன். பாட்டு நன்றாகிவிட்டது என்பதுதான் அவமானம்.

கீழ் ப-விலிருந்து மேல் ச வரை வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்துக்கு அதுவே தாராளம். யார் பாடப்போகிறார் என்று தெரிந்த பிறகு சரணம் போடுங்கள்.

மே 11, பகல் 2.40

கார்டு (chord), அதாவது சில சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் அழுத்துவது, தெரிய வேண்டுமா என்று கேள்வி. மெட்டுப் போட அது தேவையில்லை. மெட்டுக்குக் கீழே விரிப்பதற்கு வேண்டும். மோகனத்தின் ஐந்து சுரத்துக்குள் முழுசாக மூன்று சுரக் கார்டு ரெண்டுதான் கிடைக்கும்: ச க ப, அப்புறம் த ச க. ஒரு கட்டையில் வைத்தால் சி மேஜரும் ஏ மைனரும். முதலாவது வெயில், ரெண்டாவது நிழல். ஒரே வரியை இது ரெண்டின் மேலும் மாற்றி மாற்றிப் பாடிப் பாருங்கள், வார்த்தையின் அர்த்தமே நகரும். அதற்கு மேல் அடுக்க வேண்டாம். எங்கள் ஊர்த் தட்டுவடை செட்டில் ரெண்டு தட்டுவடைக்கு நடுவில் வைக்கும் கேரட்டும் பீட்ரூட்டும் ஒரு அளவுக்குத்தான் நிற்கும், அதற்கு மேல் வைத்தால் சட்டையில் விழும்.

மே 11, பகல் 3.05

எந்தக் கடை என்று நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். கார்டு பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஜூன் 8, இரவு 10.30

மிளகுக்காரர் கீழே இறங்கி வந்து ஒரு ஸ்டூடியோவில் பாட்டைப் பதிவு செய்யப் போனார். எது என்று எழுத மாட்டேன். அங்கே இருந்த ரிதம் லூப் எல்லாம் நாலு நாலாகத்தான் ஓடுமாம். 'சார், ஒரு எண்ணிக்கை சேர்த்து இழுத்துப் பாடிடுங்க, நல்லா இருக்கும்' என்றிருக்கிறார்கள். இவரும் பயந்துகொண்டு இழுத்துப் பாடியிருக்கிறார். மிளகூ கொடியில. கேட்டதும் எனக்குத் திக் என்றது. மார்ச்சில் கஷ்டப்பட்டு ஏழுக்குக் கொண்டுவந்ததைக் காசு கொடுத்து எட்டாக்கி வந்திருக்கிறார்.

யாருக்கும் இது நடக்கும். உள்ளே போகும் முன்னால் பாட்டு எத்தனை எண்ணிக்கை என்று தெரிந்துகொண்டு வாய்விட்டுச் சொல்லுங்கள். பெரும்பாலான ஆப்களில் தாளத்தை 7/8 என்று மாற்ற வழி இருக்கிறது. லூப் கிடைக்காவிட்டால் ஒரு கஞ்சிராவோ வெறும் கைத்தட்டலோ போதும். தகிட தகதிமி என்று வாயால் சொன்னாலே அழகு.

இன்னொன்று. 'ஏறிட'வை அவருக்காகத் திரும்பப் பாடிப் பார்த்தபோது அது ஸ்கூல் டிரில் மாதிரி இருப்பது உறுத்தியது. லெஃப்ட் ரைட் லெஃப்ட் ரைட். தாளத்தின் முதல் தட்டிலேயே 'ஏ' விழுகிறது அல்லவா? தட்டு விழுந்து அரை எண்ணிக்கை விட்டு எடுத்துப் பார்த்தேன். சுரம் ஒன்றுகூட மாற்றவில்லை. பஸ் வளைவில் சாய்கிற மாதிரி சாய்ந்துகொண்டு போகிறது. அநாகத எடுப்பு என்று இதற்குப் பேர் இருப்பது எனக்கு முப்பது வயதில்தான் தெரியும், வாசித்தது பத்து வயதிலிருந்து.

ஆகஸ்ட் 4, இரவு 11.45

ஆடி. எங்கள் ஊர்க் குகைப் பகுதியிலும் அம்மாபேட்டையிலும் ஒலிபெருக்கி காது வலிக்கப் பாடுகிறது, நானும் அதில் ஒரு பாவி. தினம் கச்சேரி, அதனால்தான் இந்தப் பக்கம் வரவில்லை.

மிளகுக்காரர் ஸ்டூடியோவை விட்டுவிட்டார். வீட்டில் போனை மேஜைமேல் வைத்து, மகள் மேஜையைத் தட்ட, ஏழிலேயே முழுப் பாட்டும் பாடி அனுப்பியிருக்கிறார். ரெண்டு சரணம். பின்னால் மழை, நடுவில் ஒரு நாய். கடைசி வரி:

ச ரி க | ப க ரி க
பனியும் விலகுது

க-வில் முடித்திருக்கிறார். வீட்டுக்கு வரவில்லை. ஐந்து மாதமாக ச, வீடு, ச, வீடு என்று கத்திக்கொண்டிருக்கிறேன். உடனே ஆர்மோனியத்தை எடுத்து ப க ரி ச என்று மாற்றி, நானே பாடி, 'தம்பி, இப்படி முடியுங்க' என்று அனுப்பப் போனேன். அனுப்பும் முன்னால் ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். என்னுடையதில் பனி விலகிவிட்டது. அவருடையதில் விலகிக்கொண்டே இருக்கிறது.

என்னுடையதை அழித்துவிட்டேன். ரெண்டாவது சரணத்தில் மூன்றாம் வரி மட்டும் கொஞ்சம் சுருதி இறங்குகிறது, அதை ஒருதரம் தம்புரா வைத்துப் பாடச் சொல்லி எழுதியிருக்கிறேன். நாய் இருக்கட்டும்.